ரைபிள்ல ஸ்கோப் மாட்டி டைட் பண்றது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டார்கெட் ஷூட்டிங்குக்குப் புதுசா வர்றவங்க "குண்டு அங்கயும் இங்கயும் போகுது, ஸ்கோப் மட்டம் போல"ன்னு சொல்லுவாங்க. கழட்டிப் பாத்தா பாதி நேரம் ஸ்கோப் நல்லாத்தான் இருக்கும், கோளாறு எங்கயோ ஒரு ஸ்க்ரூல இருக்கும். ஒண்ணு லூசா விட்டுருப்பாங்க, இல்லன்னா கோவத்துல முறுக்குன மாதிரி முறுக்கி ட்யூபையே நசுக்கி வச்சிருப்பாங்க. ரெண்டாவது வகை ஆளுங்கதான் அதிகம், நானும் அதுல ஒருத்தன், அந்தக் கதை கீழ வருது.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

மேகசின, அதாவது குண்டு அடுக்குற டப்பாவ, கழட்டுங்க, போல்ட்டத் (பின்னாடி இழுத்துத் திறக்குற அடைப்பு) திறங்க, சேம்பர்ல, அதாவது குண்டு உக்காருற அறைல, ஒண்ணும் இல்லன்னு கண்ணால பாருங்க, சுண்டுவிரல விட்டும் பாருங்க. குண்டுப் பெட்டி நீங்க வேலை செய்யுற மேசைல இருக்கவே கூடாது, வேற ரூமுக்குப் போகட்டும். ஸ்கோப் மாட்டுற வேலைல பத்து தடவை ரைபிளத் தோள்ல வச்சுப் பாப்போம், கவனம் முழுக்க ஸ்கோப்லதான் இருக்கும், அதனாலதான் இத இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

அப்புறம் ரைபிள் ஆடாம நிக்க ஏதாவது ஸ்டாண்ட் வேணும். மடில வச்சுக்கிட்டு ஒரு கைல ஸ்கோப், ஒரு கைல ஆலன் கீ, வாயில ஸ்க்ரூன்னு ஆரம்பிச்சா ஸ்க்ரூ கட்டிலுக்கு அடியிலதான் போகும்.

என் ஸ்கோப்புக்கு எந்த சைஸ் ரிங்?

ரிங்ங்கறது ஸ்கோப்ப சுத்திப் பிடிச்சு ரைபிளோட சேக்குற வளையம். ட்யூபோட விட்டத்தப் பாருங்க, முன்னாடி இருக்குற பெரிய லென்ஸோட அளவ இல்ல. "40 எம்எம் ஸ்கோப்"னு சொல்றாங்களே, அது முன் லென்ஸ். ரிங் பிடிக்கிறது நடு ட்யூப. அது பெரும்பாலும் 25.4 மி.மீ, அதாவது 1 இன்ச், இல்லன்னா 30 மி.மீ, பெரிய லாங் ரேஞ்ச் ஸ்கோப்னா 34 மி.மீ. 30 ரிங்ல 1 இன்ச் ட்யூப வச்சு நடுவுல டேப் சுத்தி சமாளிக்கலாமான்னு ஒருத்தர் கேட்டார். வேணாம்ணே. அதுக்குன்னே அளவெடுத்து செஞ்ச இன்சர்ட் இருக்கு, இல்ல சரியான ரிங்கையே வாங்கிடுங்க.

பிக்காட்டினி, வீவர், டவ்டெயில் எல்லாம் ஒண்ணுதானா?

மூணும் ரைபிள் மேல ரிங் உக்காருற ரெயில் வகைங்க. பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா ஒண்ணு இல்ல. பிக்காட்டினிங்கறது அமெரிக்க ராணுவம் 1995ல மில் ஸ்டாண்டர்ட் 1913னு நம்பர் போட்டு நிலைப்படுத்தின ரெயில். குறுக்குக் காடி ஒவ்வொண்ணும் 5.23 மி.மீ அகலம், ஒரு காடி நடுவுல இருந்து அடுத்த காடி நடு வரைக்கும் 10.01 மி.மீ. வீவர் அதுக்கு ரொம்ப முந்தி வந்தது, காடி 4.57 மி.மீதான், இடைவெளியும் ஒரே சீரா இருக்காது. அதனால வீவர் ரிங் பிக்காட்டினி ரெயில்ல பொதுவா உக்காந்துரும், பிக்காட்டினி ரிங்க வீவர் பேஸ்ல (ரைபிள் மேல ஸ்க்ரூ போட்டு மாட்டுற, ரிங் உக்காருற கட்டை) போட்டா பல நேரம் காடிக்குள்ளயே இறங்காது. இறங்கலன்னா சுத்தியல எடுக்காதீங்க.

டவ்டெயில்ங்கறது ரிசீவர், அதாவது போல்ட் ஓடுற நடு உலோகக் கூடு, அது மேலயே நீளவாக்குல வெட்டின ரெண்டு பள்ளம், ஏர் ரைபிள், .22 ரைபிள்ல பாக்கலாம். 11 மி.மீன்னு சொல்லுவாங்க, நெஜத்துல கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், அதனால அளந்து பாத்துட்டு வாங்குங்க.

ரிங் உயரம் எவ்வளவு இருக்கணும்?

முன் லென்ஸ் கூடு பேரல்ல இடிக்கக் கூடாது, போல்ட்ட மேல தூக்குறப்ப அதோட பிடி ஸ்கோப்ல தட்டக் கூடாது, லென்ஸ் மூடி திறந்து மூட இடம் வேணும். இது மூணும் சரியா வந்தா எவ்வளவு தாழ்வா வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வா வைக்கலாம்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க. நான் அதுல ஒண்ணு சேத்துக்குவேன்: கன்னத்த ஸ்டாக்ல, அதாவது தோள்ல வைக்கிற கட்டைல, சாதாரணமா வச்சா கண்ணு தானா ஸ்கோப்புக்கு நேரா வரணும். தாடைய மட்டும் ஒட்டி வச்சுக்கிட்டு கழுத்த நீட்டிப் பாத்தா உயரம் ஜாஸ்தி, கன்னத்த நசுக்கிப் பாத்தா கம்மி.

பேரலுக்கும் லென்ஸ் கூடுக்கும் நடுவுல ரெண்டு மூணு மில்லிமீட்டர் இருந்தா நிம்மதி. பேரல் சுடச்சுட சூடாகும், சுடும்போது அதிரும், அது ஸ்கோப்பத் தொட்டா குண்டு போற இடம் மாறிடும்.

பேஸ் மாட்டுறப்ப எத கவனிக்கணும்?

எண்ணெய. புது ரைபிளோ புது பேஸோ, துரு பிடிக்காம இருக்க ஒரு எண்ணெய்ப் படலத்தோடதான் வரும். ஸ்க்ரூ, ஸ்க்ரூ ஓட்டை, பேஸோட அடிப்பக்கம் எல்லாத்தையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைங்க. அப்புறம் ஸ்க்ரூ போடாம பேஸ வெறுமனே வச்சு முன் மூலைய அமுக்குங்க, பின் மூலைய அமுக்குங்க. நொண்டி நாற்காலி மாதிரி ஆடுச்சுன்னா அது ரிசீவர்ல சரியா உக்காரலன்னு அர்த்தம், அத ஸ்க்ரூ போட்டு இழுத்துப் பிடிச்சா பேஸ் வளையும், வளைஞ்ச பேஸ் ஸ்கோப்பையும் வளைக்கும். பெயிண்ட் கட்டியோ பிசிறோ இருந்தா எடுத்தா போதும், அதுக்கும் சரியாகலன்னா துப்பாக்கி ரிப்பேர் தெரிஞ்ச ஆள்கிட்ட கொண்டு போங்க.

பேஸ் போட்டதுல இருந்து போல்ட் இறுக்கமா இருக்கு, ஏன்?

முன் ஸ்க்ரூ நீளம் ஜாஸ்தியா இருக்கும். அது ரிசீவருக்குள்ள எட்டிப் பாத்து போல்ட்ல உரசுது, இல்லன்னா பேரலோட மரைல முட்டி நிக்குது. ரெண்டாவதுதான் வில்லங்கம், ஏன்னா ஸ்க்ரூ டைட் ஆன மாதிரியே கைக்குத் தெரியும் ஆனா பேஸ் பிடிச்சிருக்காது. பேஸோட வர்ற ஸ்க்ரூல நீளம் குட்டையா ரெண்டு வகை இருந்தா எது முன்னாடி எது பின்னாடின்னு பேப்பர்ல போட்டுருப்பாங்க, அதப் படிச்சுட்டு போடுங்க.

ரிங்க ரெயில்ல வச்சு முன்னாடி தள்ளிட்டு டைட் பண்ணச் சொல்றாங்களே?

ஆமா, சரிதான். சுட்டதும் ரைபிள் பின்னாடி வருது, ஸ்கோப் இருந்த இடத்துலயே இருக்கப் பாக்குது. பஸ் திடீர்னு ரிவர்ஸ் போனா நிக்கிறவன் முன்னாடி சாயுற மாதிரி, ரைபிளோட கணக்குல பாத்தா ஸ்கோப் முன்பக்கம் நழுவப் பாக்கும். முன்னாடியே காடியோட முன் சுவர்ல முட்ட வச்சு டைட் பண்ணிட்டா நழுவ இடமே இல்ல. இல்லன்னா முதல் பத்து ரவுண்டுல அதுவா நகர்ந்து போய் முட்டி நிக்கும், நீங்க அதுவரைக்கும் பண்ணின ஸீரோ, அதாவது குறி பாக்குற இடத்துலயே குண்டு விழுற மாதிரி ஸ்கோப்பத் திருத்துனது, எல்லாம் வீண்.

ஸ்ப்ரிங் ஏர் ரைபிளுக்கு இது தலைகீழ், அது தனியா கீழ இருக்கு.

ஸ்கோப்ப எவ்வளவு முன்னாடி பின்னாடி வைக்கிறது?

கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் நடுவுல இருக்க வேண்டிய தூரம் சாதாரணமா 75ல இருந்து 100 மி.மீ, ஸ்கோப்போட பேப்பர்ல சரியான நம்பர் இருக்கும். இத ஐ ரிலீஃப்னு சொல்லுவாங்க. ஸூம் ஸ்கோப்னா அதிகபட்ச ஸூம்ல வச்சுத்தான் இத செட் பண்ணணும், ஏன்னா அங்கதான் கண்ணு வைக்கிற இடம் ரொம்பக் குறுகலா இருக்கும், அங்க சரியா வந்துட்டா கம்மி ஸூம்ல தானா சரியா வரும்.

ரிங்கோட மேல் மூடிய லேசா மட்டும் பிடிக்க வச்சுக்கிட்டு, கண்ண மூடிட்டு, வழக்கமா வைக்கிற மாதிரி ரைபிளத் தோள்ல வைங்க. கன்னம் வசதியா உக்காந்ததும் கண்ணத் திறங்க. ஓரத்துல கறுப்பு நிழல் இல்லாம வட்டம் முழுசாத் தெரிஞ்சா சரி. தெரியலன்னா தலைய நகத்தாதீங்க, ஸ்கோப்ப நகத்துங்க. எல்லாரும் இதுல தலையத்தான் நகத்துறாங்க!

படுத்து சுடுறவங்க படுத்தே பாக்கணும், படுத்தா முகம் தானா முன்னாடி வரும். நின்னு செட் பண்ணிட்டுப் போய் படுத்து சுட்டு புருவத்துல அரைவட்டமா வெட்டு வாங்கினவங்க உண்டு. ரிகாயில், அதாவது சுட்டதும் பின்னாடி வர்ற உதை, பெருசா இருக்குற ரைபிள்னா இது விளையாட்டு இல்ல.

ரிங் எங்க பிடிக்குதுன்னும் பாருங்க. டர்ரெட் (குறிய மேல கீழ, பக்கவாட்டுல நகத்துற திருகு) இருக்குற தடிச்ச பாகத்த ஒட்டியோ, ட்யூப் விரிய ஆரம்பிக்கிற இடத்துலயோ, ஸூம் வளையத்துக்குப் பக்கத்துலயோ ரிங் உரசக் கூடாது.

கிராஸ்ஹேர் நேரா இருக்கான்னு எப்படிப் பாக்குறது?

கிராஸ்ஹேர்ங்கறது ஸ்கோப்புக்குள்ள தெரியுற கூட்டல் குறிக் கோடு. சாயங்காலம் வரைக்கும் உக்காந்து பாத்தாலும் கண்ணளவுல இது சரியா வராது, கொஞ்ச நேரம் பாத்தா எல்லா சாய்வும் நேராத்தான் தெரியும். கொத்தனார் வச்சிருக்குற ரசமட்டமும் தூக்குக்குண்டும் போதும். ரைபிள ஸ்டாண்ட்ல வச்சு, ரெயில் மேல குறுக்க ரசமட்டத்த வச்சு ரைபிள மட்டமாக்குங்க. இருபது இருபத்தஞ்சு மீட்டர் தள்ளி ஒரு தூக்குநூலத் தொங்க விடுங்க, காத்து அடிக்காத இடமா. இப்ப ஸ்கோப் வழியா பாத்து நிக்கிற கோட்ட நூலோட ஒட்டி வைக்கணும், அவ்வளவுதான்.

டர்ரெட் மூடி மேல ரசமட்டம் வச்சுப் பாக்குற பழக்கமும் இருக்கு, வேகமா முடியும், ஆனா மூடியும் உள்ள இருக்குற கோடும் ஒரே மட்டத்துல இருக்கும்னு யாரும் உத்தரவாதம் குடுக்கல. நான் மூடில ஆரம்பிச்சு நூல்ல முடிப்பேன்.

இவ்வளவு மெனக்கெடணுமான்னா, சுடுற தூரத்தப் பொறுத்தது. குண்டு கீழ இறங்குறதுக்காக 1 மீட்டர் ஏத்தி அடிக்கிற தூரத்துல, டர்ரெட் ஏறுற திசை 3 டிகிரி சாஞ்சிருந்தா குண்டு சுமார் 5 செ.மீ பக்கவாட்டுல போகும். 10 மீட்டர் ஏத்துற தூரத்துல அதே சாய்வு அரை மீட்டருக்கும் மேல. 50 மீட்டர்ல காகிதத்துல ஓட்டை போடுறவருக்கு இது தெரியவே தெரியாது, 1000 மீட்டர் ஆள் காத்து மேல பழியப் போட்டுட்டு இருப்பார்.

சரி, எவ்வளவுதான் டைட் பண்றது?

இதுக்குத்தான் எல்லாரும் வந்தீங்கன்னு தெரியும். ரிங் மேல் மூடி ஸ்க்ரூவுக்கு பெரும்பாலான கம்பெனி சொல்றது 15ல இருந்து 18 இன்ச்-பவுண்ட் (முறுக்குற பலத்தோட அளவு), நியூட்டன் மீட்டர்ல சொன்னா சுமார் 1.7ல இருந்து 2. கேட்டா சப்புனு இருக்கும், "இவ்வளவுதானா"ன்னு தோணும். ஆமா, அவ்வளவுதான். குட்டை ஆலன் கீயோட சின்னக் கையப் பிடிச்சு ரெண்டு விரல்ல திருப்புனாலே வந்துரும்.

ரிங்க ரெயிலோட பிடிக்கிற நட்டுக்கு நம்பர் ரொம்ப மாறும். அலுமினிய ரிங்குக்கு 30, 40னு சொல்றவங்க உண்டு, கனமான ஸ்டீல் ரிங்குக்கு 65 வரைக்கும், அதாவது 7.3 நியூட்டன் மீட்டர் கிட்ட போகும். இதுல என் பேச்சக் கேக்காதீங்க, ரிங் டப்பால வந்த பேப்பரக் கேளுங்க. ஸ்கோப் கம்பெனி ஒரு நம்பரும் ரிங் கம்பெனி வேற நம்பரும் சொன்னா, ட்யூபப் பிடிக்கிற ஸ்க்ரூவுக்கு ரெண்டுல கம்மியா இருக்குறத எடுங்க.

ஜாஸ்தியா முறுக்குனா என்ன ஆகும்னா, ட்யூப் மெல்லிசு அலுமினியம், வட்டமா இருந்தது முட்டை வடிவமாகும், உள்ள லென்ஸ் சுமந்துக்கிட்டு முன்ன பின்ன நகருற பாகம் சிக்கும். என்னோட முதல் ஸ்கோப்ப நான் நீளமான ஆலன் கீ போட்டு, கிறீச்னு சத்தம் வர்ற வரைக்கும் முறுக்குனேன், சத்தம் வந்ததும் "இப்பதான் பிடிச்சிருக்கு"ன்னு ஒரு திருப்தி வேற. ரெண்டு வாரத்துல ஸூம் வளையம் சுத்த ரெண்டு கை வேணும்னு ஆச்சு. டர்ரெட்ட ஒரு படி, அதாவது ஒரு க்ளிக், திருப்புனா குண்டு நகரல, அடுத்த ரவுண்டுல திடீர்னு மொத்தமா நகருது. ஸ்கோப் மட்டம்னு திட்டிக்கிட்டே கழட்டுனா ட்யூப்ல ரெண்டு இடத்துல ரிங் விளிம்பு பதிஞ்ச தழும்பு, நகம் வச்சா நகம் நிக்குது. ஸ்கோப்ப செஞ்சவன் மேல தப்பே இல்ல.

டார்க் ரெஞ்ச் வாங்கியே ஆகணுமா?

முறுக்குற பலத்த, அதாவது டார்க்க, நம்பர் போட்டுக் காட்டுற ரெஞ்ச் அது, வாங்கிடுங்க. கைக்கு ஞாபகம் கிடையாது, காலைல ஒரு பலம் சாயங்காலம் ஒரு பலம். ஆனா கார் வீலுக்கு வச்சிருக்குற பெரிய ரெஞ்ச் இதுக்கு ஆகாது, அது ஆரம்பிக்கிற நம்பரே இங்க முடியுற நம்பரத் தாண்டி இருக்கும். இன்ச்-பவுண்ட்ல 10ல இருந்து 65 வரைக்கும் காட்டுற சின்ன ஸ்க்ரூடிரைவர் மாதிரி ரெஞ்ச் கிடைக்குது. எதுல வேணா குழப்பிக்குங்க, இன்ச்-பவுண்டையும் ஃபுட்-பவுண்டையும் மட்டும் குழப்பிக்காதீங்க, ஒரு ஃபுட்-பவுண்ட் பன்னெண்டு இன்ச்-பவுண்ட். 18 ஃபுட்-பவுண்ட்னு வச்சு திருப்புனா அந்த நம்பர் வர்றதுக்கு முன்னாடியே ஸ்க்ரூ தலை தனியா வந்துரும்.

வேலை முடிஞ்சதும் ரெஞ்சக் கம்மி நம்பருக்குக் கொண்டு வந்து வைங்க, ஸ்ப்ரிங் தளர்ந்து போகாம இருக்கும்.

லாக்டைட் போடலாமா?

லாக்டைட்ங்கறது ஸ்க்ரூ கழண்டு போகாம பிடிக்கிற பசை. பேஸ் ஸ்க்ரூவுக்கு நீலம், ஒரே ஒரு சொட்டு. மேல் மூடி ஸ்க்ரூவுக்கு நான் போட மாட்டேன், கம்பெனி போடச் சொன்னா ஒழிய. சிவப்பு வேணவே வேணாம், அது நல்லா சூடு காட்டுனாத்தான் விடும், ஸ்கோப் பக்கத்துல அவ்வளவு சூடு காட்ட முடியாது.

இதுல பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. நாம முறுக்குற பலத்துல ரொம்பப் பெரிய பங்கு ஸ்க்ரூ தலைலயும் மரைலயும் உரசுறதுக்கே போயிரும், பிடிமானமா மாறுறது சுமார் பத்துல ஒரு பங்குதான். மரைல எண்ணெயோ லாக்டைட்டோ இருந்தா உரசல் குறையும், அதே 18ல நிறுத்துனாலும் பிடிமானம் ஜாஸ்தி ஆயிரும். பேப்பர்ல இருக்குற நம்பர் காஞ்ச மரைக்கா நனைஞ்ச மரைக்கான்னு பாருங்க, ஒண்ணும் சொல்லலன்னா காஞ்சதுன்னு வச்சுக்குங்க, ஈரமா போட்டா கொஞ்சம் கம்மியா நிறுத்துங்க.

டைட் பண்ணப் பண்ண ஸ்கோப் திரும்பிக்குது!

ஒரு பக்க ஸ்க்ரூவ முழுசா முறுக்கிட்டு அடுத்த பக்கம் போறீங்க, அதான். கார் வீல் நட்டு மாதிரி எதிர் எதிர் மூலையா, ஒவ்வொரு தடவையும் கால் சுத்து, அப்புறம் அரைக்கால் சுத்துன்னு போங்க. ரெண்டு பக்கமும் மேல் மூடிக்கும் கீழ் பாதிக்கும் நடுவுல இருக்குற இடைவெளி ஒரே அளவா இருக்கணும். அந்த இடைவெளி மூடணும்னு நினைச்சு முறுக்காதீங்க, அது இருக்கத்தான் செய்யணும். நாலு சுத்துக்கு ஒரு தடவை நூலப் பாத்து கோடு நகரலன்னு உறுதி பண்ணிக்குங்க.

ஸ்க்ரூ பக்கவாட்டுல இருக்குற, நெட்டுவாக்குல ரெண்டா பிளந்த ரிங்கும் இருக்கு. அதுல எந்தப் பக்கம் முதல்லங்கற வரிசை மாடலுக்கு மாடல் வேற, இங்க சொன்னத அதுக்குப் போட வேணாம்.

ரிங்க லேப்பிங் பண்ணணுமா?

லேப்பிங்னா ஒரு ஸ்டீல் தண்டுல உரசுற பேஸ்ட் தடவி ரிங் உள்பக்கத்த முன்ன பின்ன தேய்ச்சு, ரெண்டு ரிங்கும் ட்யூப சமமாத் தொடுற மாதிரி பண்றது. தனித்தனி பேஸ்ல நிக்கிற விலை கம்மியான ரிங்னா பலன் இருக்கு. முக்கால்வாசி உள்பக்கம் பளபளன்னு ஆனா நிறுத்திடணும், தேய்ச்சுக்கிட்டே போனா ரிங் பெருசாகி பிடிமானமே போயிரும். ஒரே கட்டைல கடைஞ்சு எடுத்த மவுன்ட்டுக்கும், உள்ள ப்ளாஸ்டிக் இன்சர்ட் இருக்குற ரிங்குக்கும் பண்ணவே கூடாது.

ஸ்ப்ரிங் ஏர் ரைபிள்ல ஸ்கோப் நகர்ந்துக்கிட்டே இருக்கு, எவ்வளவு டைட் பண்ணியும் நிக்கல

டைட் பண்ணி நிக்க வைக்க முடியாது, அதான் விஷயம். உள்ள பிஸ்டன் முன்னாடி பாயுறப்ப ரைபிள் பின்னாடி வரும், பிஸ்டன் போய் முட்டுனதும் ரைபிள் முன்னாடி குதிக்கும். ரெண்டு பக்கமும் உதை, ரெண்டாவது உதைதான் மோசம். அதுல ஸ்கோப் பின்பக்கமா நழுவும். அதனால இங்க ரிங் பின்பக்கம் முட்டி நிக்கணும்: ரிசீவர் மேல ஒரு குட்டி ஓட்டை இருந்தா ஸ்டாப் பின் இருக்குற மவுன்ட் வாங்கி அந்தப் பின்ன ஓட்டைக்குள்ள இறக்குங்க, ஓட்டை இல்லன்னா தனியா ஸ்டாப்பர் போடுங்க. பெரிய ரைபிளுக்குன்னு வாங்கின நல்ல ஸ்கோப்கூட இதுல உடைஞ்சு போறதுண்டு, ஏர் ரைபிளுக்கு ஆகும்னு எழுதியிருக்கான்னு பாத்துக்குங்க.

20 எம்ஓஏ ரெயில் எந்தப் பக்கம் திருப்பிப் போடணும்?

எம்ஓஏங்கறது ஒரு டிகிரில அறுபதுல ஒரு பங்கு கோணம், 20 எம்ஓஏ ரெயில் முன்பக்கம் அவ்வளவு சரிஞ்சிருக்கும். தடிச்ச பக்கம் பின்னாடி, மெல்லிசு பக்கம் பேரல் வாய்ப் பக்கம். ரொம்ப தூரம் சுடாதவங்களுக்கு இது தேவையே இல்ல.

மாட்டியாச்சு, ஸீரோ எப்படிப் பண்றது?

போல்ட் ஆக்ஷன்னா போல்ட்டக் கழட்டிட்டு பேரல் ஓட்டை வழியா 25 மீட்டர் டார்கெட்டப் பாருங்க. ஓட்டை நடுவுல டார்கெட் தெரியுற மாதிரி ரைபிள அசையாம வச்சு, டர்ரெட்டத் திருப்பி கிராஸ்ஹேர அதே புள்ளிக்குக் கொண்டு வாங்க. இப்ப காகிதத்துல எங்கயாவது விழும். மூணு ரவுண்டு சுட்டு, மூணுக்கும் நடுப்புள்ளியப் பாத்துத் திருத்துங்க, ஒவ்வொரு ரவுண்டுக்கும் துரத்தாதீங்க. மில்லும் எம்ஓஏ மாதிரி ஒரு கோண அளவுதான், 0.1 மில் க்ளிக்குன்னா 100 மீட்டர்ல ஒரு க்ளிக் 1 செ.மீ, 25 மீட்டர்ல 2.5 மி.மீ. கால் எம்ஓஏ க்ளிக்குன்னா 100 மீட்டர்ல சுமார் 7 மி.மீ. 25ல சரியானதும் 100க்குப் போங்க.

எல்லாம் சரியா பண்ணேன், இன்னும் குரூப் சிதறுது

ஸ்கோப்பப் பிடிச்சு லேசா ஆட்டிப் பாருங்க, ஆடக் கூடாது. ரெண்டு தனித்தனிக் கூட்டமா குண்டு விழுந்தா ஏதோ ஒண்ணு ரெண்டு இடத்துல மாறி மாறி உக்காருதுன்னு சந்தேகப்படுங்க. முதல்ல பேஸ் ஸ்க்ரூ, அதப் பாக்க ரிங்கக் கழட்டணும், அதனாலயே யாரும் பாக்குறதில்ல. அப்புறம் ஸ்டாக்கையும் ரிசீவரையும் சேத்துப் பிடிக்கிற ஸ்க்ரூ, இதயும் பாதிப் பேர் மறந்துருவாங்க. அதெல்லாம் சரின்னா நல்லா வேலை செய்யுதுன்னு தெரிஞ்ச வேற ஸ்கோப்ப மாட்டி சுட்டுப் பாருங்க, அதுலயும் சிதறுனா ஸ்கோப் மேல குத்தம் இல்ல.

அடிக்கடி டைட் பண்ணிப் பாக்கணுமா?

முதல் இருபது முப்பது ரவுண்டுக்கு அப்புறம் ஒரு தடவை ரெஞ்ச் வச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் சும்மா சும்மா முறுக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் "கொஞ்சூண்டு"ன்னு முறுக்கி முறுக்கித்தான் ட்யூப் நசுங்குது. அதுக்குப் பதிலா ஸ்க்ரூ தலைல இருந்து ரிங் வரைக்கும் பெயிண்ட் பேனால ஒரு சின்னக் கோடு போட்டுருங்க, ஸ்க்ரூ கழண்டா கோடு விலகிக் காட்டிக் குடுக்கும். ட்யூப்லயும் ரிங்கை ஒட்டி ஒரு துண்டு டேப் ஒட்டி வச்சா ஸ்கோப் நழுவுச்சான்னும் தெரியும்.

ஸ்க்ரூ தலை தேஞ்சு போச்சு, கீ சுத்திக்கிட்டே இருக்கு

சைஸ் சரியில்லாத கீ போட்டுருப்பீங்க, மில்லிமீட்டர் கீயும் இன்ச் கீயும் பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும். இன்னும் அழுத்தித் திருப்பாதீங்க. லாக்டைட் போட்ட ஸ்க்ரூன்னா சால்டரிங் அயர்ன் நுனிய ஸ்க்ரூ தலைல மட்டும் கொஞ்ச நேரம் வச்சு சூடாக்கி, சரியான கீய நல்லா உள்ள இறக்கி, மெதுவா முயற்சி பண்ணுங்க. ரிங்குக்குள்ள ஸ்கோப் இருக்குறப்ப ட்ரில் மெஷின எடுக்காதீங்க.

கழட்டி மறுபடி மாட்டினா ஸீரோ அப்படியே இருக்குமா?

ரெயில்ல இருந்து ரிங்கோட சேத்துக் கழட்டி, அதே காடில, முன்ன மாதிரி முன்னாடி தள்ளி, அதே டார்க்ல மாட்டினா கிட்டத்தட்ட வரும். அதனால எந்தக் காடின்னு ஒரு புள்ளி வச்சுக்குங்க. ரிங்கோட மேல் மூடியக் கழட்டி ஸ்கோப்ப வெளில எடுத்துட்டீங்கன்னா பழைய ஸீரோவ மறந்துட்டு தூக்குநூல்ல இருந்து ஆரம்பிங்க.